மகள் ஊரில் ஒரு ரூம்

வை கண்ணு, அந்த நாற்காலி மேலேயே வை. இப்போது தாகமில்லை. பிளைட் மாறுகிற இந்த ஏர்போர்ட்டில் ஒரு பாட்டில் தண்ணீரை என்ன விலைக்கு விற்கிறான் என்று எனக்குத் தெரியும். நீயே குடி. வேண்டுமென்றால் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

உனக்கும் கோயம்புத்தூர் பிளைட்தானா? லேட் என்றுதான் அந்த போர்டில் போட்டிருக்கிறானா? நல்ல வேளை, தமிழ் பேச ஒரு ஆள் கிடைத்தாய். எனக்கு இந்த போர்டில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆறாவதோடு நின்றவள் நான். பிளைட்டை விட்டுவிட்டால் இங்கே எந்த ரூமைத் தேடுவது?

நீ எந்த ஊர் கண்ணு? பல்லடமா? பல்லடத்தில் எந்தப் பக்கம்? டவுனுக்குள்ளேயா? சரி சரி. நான் தாராபுரம். டவுனிலிருந்து உள்ளே போகவேண்டும், தோட்டம். ஜெர்மனியில் படிக்கிறாயா? தனியாகவா? உன் அம்மா எப்படித்தான் தூங்குகிறாளோ.

உன் அம்மாவை அந்தப் பக்கம் கூப்பிட்டால், ஒன்று கேட்டுக்கொள். முதலில் தங்குகிற இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடு. என் மகள் சுவிட்சர்லாந்தில் சூரிச் என்கிற ஊரில் இருக்கிறாள். சிந்துஜா. ஒரே பெண். தலைப்பிரசவம், பெண் குழந்தை. நம் பக்கம் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்காரிதானே பார்க்கவேண்டும்? அவள் இங்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் எனக்கு விசா வந்தது. சரி, பேத்தியை ஒரு தடவை மடியில் போட்டுக்கொண்டு, இடுப்பில் அரணாக்கொடி கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று புறப்பட்டேன். வெள்ளி அரணாக்கொடி. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிப் பாட்டிதான் கட்டவேண்டும். சிந்துவுக்கு என் அம்மா கட்டினார்கள். அதற்கு மேல் எனக்கு அந்த நாட்டில் என்ன வேலை? மலையைப் பார்க்கவா போனேன்?

ஏர்போர்ட்டில் சிந்து தனியாக வந்து நின்றாள். இளைத்திருந்தாள். பிள்ளை எங்கே என்றேன். வீட்டில் தூங்குகிறாள் என்றாள். டாக்ஸியில் ஏறி, நேராக ஒரு ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

"என்ன கண்ணு இது, வீட்டுக்குப் போகலையா?"

"எங்க வீடு சின்னதும்மா. ஒரே ரூம். இங்கெல்லாம் வெளியாள் தங்கறதுக்கு ரூல்ஸ் இருக்கு. வீட்டு ஓனர் விடமாட்டாரு."

நான் வெளியாளா என்று கேட்கவில்லை. சட்டத்துக்கு என்ன தெரியும்? அந்த நாட்டில் ராத்திரியில் துணி துவைக்கக்கூட விடமாட்டார்களாம். இத்தனை அடி வீட்டில் இத்தனை பேர்தான் என்று கட்டாயம் இருக்கும்.

அந்த ரூமைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கட்டிலைப் போட்டுவிட்டுச் சுற்றிச் சுவர் எழுப்பினமாதிரி இருந்தது. பெட்டியை விரித்தால் கதவு திறக்காது. அதற்கு வாங்குகிற வாடகையில் நம் ஊரில் ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிடும். ரூபாயில் பெருக்காதீங்கம்மா, பெருக்கினா இங்கே மூச்சு விட முடியாது என்றாள். பெருக்காமல் எப்படி இருப்பது? அவள் காசென்றாலும் காசுதானே?

அதுவும் ஒரே விலை இல்லை. வார ஆரம்பத்தில் ஒரு விலை, வெள்ளி சனி வந்தால் வேறு விலை. ஊரில் ஏதாவது கண்காட்சி வந்துவிட்டால் மூன்று பங்கு. இரண்டு நாளைக்கு மேல் எந்த ரூமும் கட்டுப்படியாகவில்லை. சிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். "இதுல பாத்ரூம் பொதும்மா, பரவால்லயா?" "இது ஸ்டேஷன்ல இருந்து கொஞ்சம் நடக்கணும்." "இதுல காலைச் சாப்பாடு சேர்த்தே தர்றாங்க." நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். அவள் முகத்தைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருந்தது. பச்சை உடம்புக்காரி, ரூம் தேடிக்கொண்டு அலைகிறாள்.

அடுத்த இடம் ஹாஸ்டல். ஒரே ரூமில் மேலும் கீழுமாகக் கட்டில், எல்லாம் சின்னப் பெண்கள். எனக்கு மேல் கட்டில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் ஏறினேன். கீழே இருந்த வெள்ளைக்காரப் பெண் என் காலைப் பிடித்து ஏற்றிவிட்டாள். தங்கமான பெண். யார் பெற்ற பிள்ளையோ, அவள் கொடுத்த பிஸ்கட்டைத்தான் காலையில் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்கப் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கிடந்தேன். அரணாக்கொடி உள்ளே இருந்ததல்லவா.

அதற்கப்புறம் வேறு நாட்டுக்கே கொண்டுபோய் விட்டுவிட்டாள். சிரிக்காதே. ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி வந்துவிடுகிறது. அங்கே எல்லாம் பாதி விலையாம். ராத்திரி தூங்க ஒரு நாடு, பகலில் பேத்தியைப் பார்க்க ஒரு நாடு. ராணி மாதிரி இல்லை?

பார்த்தேன் என்றால், தூக்காமல் பார்த்ததுதான். அவள் வீட்டுக்கு எதிரே ஒரு பார்க். டிராமில் வரும்போதே காட்டினாள், "அந்த மஞ்சள் பில்டிங்தாம்மா, மூணாவது மாடி" என்று. அந்தப் பார்க்கில் தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுவருவாள். மேலே கம்பளி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. மூக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரர் மூக்கு. "தூக்கட்டுமா கண்ணு?" என்றால், "குளிரும்மா, தூங்கறா, எழுப்பிட்டா அப்புறம் அழுவா" என்பாள். ஒவ்வொரு நாளும் தூங்கிக்கொண்டேதான் இருந்தது பிள்ளை. பேரும் சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. நான் அம்முணி என்றே கூப்பிட்டேன்.

பார்க்கில் ஒரு கல்தொட்டி. சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குடிக்கலாமாம், காசு கிடையாது. அந்த நாட்டில் இலவசமாகக் கிடைக்கிற ஒரே சாமான் அதுதான். நீயும் தெரிந்து வைத்துக்கொள், பாட்டில் வாங்கவே வாங்காதே. கறுப்பன், வெள்ளைக்காரன், குடித்துவிட்டுக் கிடக்கிறவன், நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் எல்லாரும் அதில்தான் வாயை வைத்துக் குடிக்கிறார்கள். நானும் குடித்தேன். நல்ல குளிர்ச்சியான தண்ணீர்.

சாப்பாட்டை மட்டும் குறை சொல்லமாட்டேன். தினமும் டப்பாவில் சோறும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. அங்கே கருவாடு எங்கே கிடைக்கிறதோ. நல்லெண்ணெய் மிதக்க, புளிப்பும் உறைப்பும் சரியாக, நானே அப்படி வைக்கமாட்டேன். "நீயா கண்ணு வெச்சே?" என்றேன். "சாப்பிடுங்கம்மா" என்றாள். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் இருந்த பெண்ணுக்கு இந்தக் கைப்பக்குவம் எப்படி வந்தது என்று எனக்கு ஒரே பெருமை. டப்பாவை விரலால் வழித்து நக்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளையா? இருக்கிறான், இருக்கிறான். கம்ப்யூட்டரில் பெரிய வேலை. கோயம்புத்தூர்க் காலேஜில் இவளோடு படித்த பையன். நெய்வேலிப் பக்கம். அவன் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துப் படிக்க வைத்ததாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. வேற ஆளுங்க, அவ்வளவுதான். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள்.

என்னைப் பற்றித் தப்பாக நினைக்காதே. மற்றவர்கள் மாதிரி நான் தலைமுழுகிவிட்டேனா? இல்லை. கல்யாணமான வருஷமே வாருங்கள் என்று போன் போட்டுக் கூப்பிட்டேன். வந்தார்கள். வீட்டில் எப்படித் தங்க வைப்பது? எங்கள் தோட்டத்துக்கு நாலு பக்கமும் பங்காளி வீடு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதற்கு எவன் வருவான்? அதனால் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தேன். சும்மா ரூம் இல்லை, ஏசி ரூம். இவங்கப்பா, என் வீட்டுக்காரர், கொடுத்த பணம். நானே கோழி அடித்துக் குழம்பு வைத்து, வேகாத வெயிலில் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எந்த மாமியார் செய்வாள்? கழுவுகிற வேலை மிச்சமாகட்டும் என்று பேப்பர் தட்டும் பேப்பர் டம்ளரும்கூட வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பையன், "நல்லா இருக்குங்க அத்தை" என்று சாப்பிட்டான். சிந்துதான் தொடவே இல்லை. பசியில்லை என்றாள்.

போன வருஷம் இவங்கப்பா போய்ச் சேர்ந்தபோதும் வந்தார்கள். அப்போதும் அதே லாட்ஜ்தான். அந்தப் பையன் சாமியானாவுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றான். யாரும் அவனை உட்கார் என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லையே? அதைப் பார்.

சுவிட்சர்லாந்தில் பெட்டியைத் தூக்குவதற்கு அவன்தான் வருவான். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் கொண்டுவந்து, ரூம் கதவு வரைக்கும் வைத்துவிட்டு, "குளிருதுங்களா அத்தை?" என்று வெளியே நின்றே கேட்பான். உள்ளே வரமாட்டான். நானும் கூப்பிடவில்லை என்று வை. ரூம் அவ்வளவு சின்னது.

கடைசி ஹோட்டல்தான் கொடுமை. லாரி போகிற பெரிய ரோட்டு ஓரத்தில் இருந்தது. அதில் மனுஷனே கிடையாது. கதவில் நம்பரை அழுத்தினால் திறக்கும். மத்தியானம் வெளிக்காற்றுக்கு வந்து நின்றேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நம்பர் எழுதின சீட்டு உள்ளே, போன் உள்ளே. மழை வேறு. சேலையோடு நனைந்து நிற்கிறேன். கூட்டிப் பெருக்குகிற பெண் ஒருத்தி வந்து திறந்துவிட்டாள். பார்த்தால் நம் தமிழ். யாழ்ப்பாணமாம். துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லிவிட்டு, "மகள் இஞ்ச சூரிச்சிலயே இருக்கிறா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப ஏன் அம்மா நீங்கள் மகளின்ர வீட்டில நிக்கேல்ல?"

வீடு சின்னது, சட்டம் விடாது என்றேன்.

"எங்கட வீடும் சின்னன்தான். மாமி வந்து ஆறு மாசம் நிண்டவா. அப்பிடி ஒரு சட்டமும் இல்ல அம்மா."

அவளுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு வீட்டு ஓனரும் ஒவ்வொரு மாதிரி. ஆனாலும் எனக்கு அன்று மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. இனி எப்போது தூக்குவது, எப்போது கட்டுவது? வழி எனக்கு மனப்பாடம். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணையே கெஞ்சி ரயிலேற்றிவிடச் சொன்னேன். சிந்துவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பார்க்குக்கு வாங்கம்மா என்பாள்.

மஞ்சள் பில்டிங்கில் யாரோ வெளியே வந்தார்கள், நான் உள்ளே நுழைந்துவிட்டேன். மூன்று மாடி. பாதிப் படி ஏறும்போதே வாசனை வந்தது. பூண்டு, நல்லெண்ணெய். அந்த நாட்டில் ஒரு மாடிப்படியில் பூண்டு வாசனை வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடினமாதிரி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது அந்தப் பையனின் அம்மா, போட்டோவில் பார்த்திருந்த முகம். நைட்டி மேல் துண்டு, தோளில் என் பேத்தி. பிள்ளை முழித்துக்கொண்டிருந்தது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது.

"அட, வாங்க வாங்க! சிந்து, அம்மா வந்துருக்காங்க பாரு! ஏன் அங்கேயே நிக்கிறீங்க, உள்ள வாங்க சம்பந்தி."

உள்ளே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன், போகாமல் இல்லை. அதையும் சொல்லவேண்டும் அல்லவா? சோபா முனையில் உட்கார்ந்தேன். ஒரு ரூம் இல்லை கண்ணு. இரண்டு ரூம், ஹால், அடுப்படி. ஒரு ரூமில் அந்தம்மாவின் சேலை கொடியில் கிடந்தது. பிரசவத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். நாற்காலி மேல் டப்பா, எனக்குச் சோறு வருகிற அதே டப்பா, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது. கரண்டி அந்தம்மாவின் ஈரக் கையில் இருந்தது.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். ரயில் குலுங்கினது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அந்தம்மா ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் எவர்சில்வர் டம்ளருமாக வந்தது. எங்கள் வீட்டு டம்ளர் மாதிரியே இருந்தது. "மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் பேத்தியைத் தூக்கி வெச்சுக்கலாம்."

"இல்லைங்க, இப்பத்தான் குடிச்சேன்."

"படியேறி வந்துருக்கீங்களே?"

"வேண்டாங்க."

"சரி, காபி போடட்டுங்களா?"

"காபி குடிக்கிறதில்லைங்க."

சிந்து அடுப்படி நிலையில் வந்து நின்றாள். தலையில் ஈரத் துண்டு. "எப்பம்மா காபியை விட்டீங்க?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தொண்டை வறண்டுதான் இருந்தது, அது உண்மை. நாக்கு மேலே ஒட்டியது. ஆனால் தாகம் என்றால் தாகமில்லை. உனக்குப் புரிகிறதா? சில நேரம் வராது. கை போகாது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. டம்ளர் என் முன்னால் இருந்தது, கையைப் பார்த்தேன், கை மடியிலேயே கிடந்தது.

அந்தம்மா என்னைப் பார்த்தது. கோபமெல்லாம் இல்லை. டம்ளரை எடுத்து மெதுவாகத் தானே குடித்து முடித்தது. பிறகு தோளிலிருந்து பிள்ளையை இறக்கி, "தண்ணி வேணாம்னா போவுது. இந்தாங்க, பிள்ளையையாவது வாங்கிக்குங்க" என்று நீட்டியது.

நான் கையை நீட்டிவிட்டேன் கண்ணு. இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். பிள்ளையின் கால் என் விரலில் பட்டது. இவ்வளவுதான் இருக்கும் கால், சூடாக இருந்தது. சிந்து நடுவில் வந்து வாங்கிக்கொண்டாள்.

"அவ தூங்கற நேரம் அத்தை. உள்ள படுக்க வெச்சுடறேன். அம்மாவுக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அவள் அத்தை என்றது என்னையில்லை.

ஹோட்டலுக்குத் திரும்புகிற ரயிலில் சிந்துவும் கூட வந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அழுதுகொண்டு வந்தேன். "ஒரு தடவை மடியில போட்டுருந்தா என்ன கண்ணு குறைஞ்சு போயிருக்கும்?" என்றேன். அதற்கு அவள் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

"அம்மா, தாராபுரம் லாட்ஜ்ல அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாளாவது எங்களைக் கேட்டீங்களா?"

என்ன கேட்பது? ஏசி இருந்தது. டிவி இருந்தது. சுடுதண்ணீர் வந்தது. இவள் என்னைப் போட்ட ரூமில் டிவி இருந்ததா? அதைச் சொன்னேன். "இருந்துச்சும்மா, எல்லாம் இருந்துச்சு" என்றாள்.

மீதி நாளுக்கும் டப்பாவில் சாப்பாடு வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. ஹோட்டலில் கொடுக்கிற ரொட்டியில் இரண்டைப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டு அதையே தின்றேன். டப்பாவை அப்படியே அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். வாசனையைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மா, அமிர்தம் மாதிரி இருக்கு, நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன்.

நேற்று சூரிச் ஏர்போர்ட்டில் சிந்துவும் அந்தப் பையனும் வந்தார்கள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை, குளிர். சிந்து என் கோட்டுக்குப் பட்டன் போட்டுவிட்டாள். "அடுத்த தடவை வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்கம்மா. முன்னாடியே பார்த்தா ரூம் சீப்பாக் கிடைக்கும்" என்றாள். அடுத்த தடவை என்று சொன்னாள் பார். வெறுத்துப்போனவள் அப்படிச் சொல்வாளா? அவளுக்கு என் மேல் ஒன்றும் இல்லை. அந்த நாடு அப்படி, விலைவாசி அப்படி.

அரணாக்கொடி இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது. கட்டத்தான் நேரம் அமையவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் பிள்ளை குண்டாகிவிடும், பத்தாது. அழித்துக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும்.

என்ன, நம் பிளைட்டைக் கூப்பிடுகிறானா? இல்லையா? சரி. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஏன் கண்ணு, கேட்கிறேன் என்று நினைக்காதே, பல்லடத்தில் உங்களுக்குக் குலதெய்வம் எந்தக் கோயில்? சும்மாதான். தெரிந்த ஊராயிற்றே என்று கேட்டேன். அப்பா பெயர் என்ன? கோயிலெல்லாம் தெரியாதா? ஊருக்குள்ளே என்றால், எந்தத் தெரு?

ஓ. அந்தப் பக்கமா.

சரி சரி, நல்லது. நன்றாகப் படி. இல்லை கண்ணு, எனக்கு வேண்டாம், மூடி வை. தாகமெல்லாம் இல்லை.